சர்வே கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செடி

டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, தினமும் அரை மணி நேரம் நடங்கள், அது முடியாவிட்டால் எதையாவது பார்த்துக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்றார். நடப்பது எனக்கு ஆகாது. தஞ்சாவூரில் எங்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தால் நாலு வீட்டு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். அதிலேயே கொதிப்பு இன்னும் ஏறிவிடும். அதனால் சும்மா உட்காருகிற வழியைப் பிடித்துக்கொண்டு ஒரு மீன் தொட்டி வாங்கினேன். என் வீட்டுக்காரர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். தொட்டிக்கு விளக்கும் மோட்டாரும் மாட்டிக் கொடுத்துவிட்டு, "உன் கோபத்தை இந்த மீனுங்க தாங்குமா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டி விற்ற கடைக்காரர் அடியில் பரப்புவதற்கு என்று கறுப்புக் குருணையாக ஏதோ ஒரு மண்ணைப் பொட்டலம் பொட்டலமாக எடுத்து வைத்தார். விலையைக் கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி வீட்டில் பிறந்தவள். நெல் வாங்கலாம், உளுந்து வாங்கலாம், மண்ணை விலைக்கு வாங்குவதாவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைகாசியில் ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது ஒரு வாளியைக் கையோடு கொண்டு போனேன்.

பிறந்த வீட்டில் இப்போது அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நிலம் அப்பா பேரிலேயே கிடக்கிறது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடு என்று அவர்களும் என்னிடம் கேட்டதில்லை. அறுவடை முடிந்தால் ஒரு மூட்டை அரிசி வரும். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாகச் சீர் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் போன் செய்வார். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி, ஊர் நிறுத்தத்தில் இறங்கி, கொல்லைப் பக்கமாக நுழைந்து, அடுக்களையில் போய் உட்காரலாம். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த சொத்து அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வாளியைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால் அப்போது காய்ந்து கிடந்தது. அவரே இறங்கி, கரையோரம் கொஞ்சம் ஈரம் இருந்த இடத்தில் களிமண்ணை வெட்டி வாளியில் போட்டார். "தஞ்சாவூர்ல மண்ணு கெடைக்கலியா பாப்பா?" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு நான் இன்னமும் பாப்பாதான்.

அந்தக் களிமண்ணை அடியில் பரப்பி, மேலே சலித்த ஆற்று மணலைப் போட்டேன். ஒரு வாரம் தொட்டி காபி டிகாக்ஷன் மாதிரி இருந்தது. தெளிந்த பிறகு கப்பி மீன்களை விட்டேன், கடையில் வாங்கிய செடிகளை நட்டேன். ஆடி மாதம் போல இடது மூலையில், நான் எதையும் நடாத இடத்தில், ஒரு முளை தலை நீட்டியது. கோரையாக இருக்கும், பிடுங்கிவிடலாம் என்று கையை விட்டேன். விட்ட கையை எடுத்துவிட்டேன். முளையின் முதுகு ஊதா நிறத்தில் இருந்தது.

ஆவணிக்குள் அது தொட்டியின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. இலை நாடா போல ஒடுக்கமாக நீண்டது. அடியிலிருந்து நுனி போவதற்குள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிநெளியாக இருந்தது. மேலே பாசிப் பச்சை, அடியில் ஊதா. விளக்கு வெளிச்சத்தில் அது அசையும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். டாக்டர் சொன்ன அரை மணி நேரம் எனக்குப் போதவில்லை.

படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். இது நம்ம கடைச் சரக்கு இல்லை என்றார். மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவரே என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே படத்தைப் போட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். வேலம்பாசி என்றார் ஒருவர். வேலம்பாசியை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அது இலை மெலிந்து கண்ணாடி போல இருக்கும், இது அது இல்லை என்று எழுதினேன். இது கிரிப்டோகோரைன் இனம், தாய்லாந்துச் செடி, நல்ல விலை போகும், கடைச் செடியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றார் இன்னொருவர். இல்லை, எங்கள் ஊர் வாய்க்கால் மண்ணில் வந்தது என்றேன். அவர் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் வீட்டு மண்ணில் முளைத்ததை எனக்கே தாய்லாந்து என்று சொல்வதற்கு இவர் யார்?

அந்தக் குழுவில் நிதானமாகப் பேசியவர் ஒருவர்தான். கேரளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற பெண். தனியாக என்னைக் கூப்பிட்டு, பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் விளக்கினார். இந்த இனத்தில் நம் நாட்டுக்கே உரியவையும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று விற்கிற கிழங்கு அப்படி ஒன்றினுடையது. ஆனால் நாட்டுச் செடிக்கு இப்படி நெளிந்த இலையை அவர் கண்டதில்லை. தாய்லாந்துச் செடிக்குத்தான் நெளிவு உண்டு. இலையை நம்பிப் பெயர் வைக்க முடியாது, தண்ணீரின் ஆழத்துக்குத் தகுந்தபடி இலை மாறிக்கொண்டே இருக்கும், பூவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பூவோ தண்ணீர் வற்றிச் சேறாகும்போதுதான் வரும். அறுவடைக்குப் பிறகு அந்த வாய்க்காலையே போய்ப் பாருங்கள் என்றார். இருந்தால் இலையை ஸ்கேல் வைத்து அளந்து படம் எடுங்கள், செடிகள் எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள், அசையாத ஒரு பொருளிலிருந்து தூரத்தை அளந்து வையுங்கள், அப்போதுதான் மறுபடி போகும்போது அதே செடியைக் கண்டுபிடிக்கலாம்.

மாசியில் போனேன். கிளம்பும்போது எங்கள் கடையிலிருந்து மஞ்சள் நிற இரும்பு டேப் ஒன்றையும், ஒரு கட்டு மூங்கில் குச்சியையும், சிவப்பு இன்சுலேஷன் டேப்பையும் எடுத்துக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணி கோழி அடித்துக் குழம்பு வைப்பார், சாயங்காலம் வரை விட மாட்டார், வெயில் ஏறினால் படம் சரியாக வராது. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று நினைத்து, ஊர் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி வயல் வழியாக நடந்தேன்.

சம்பா அறுத்த வயலில் உளுந்து பச்சையாக நின்றது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, கணுக்கால் புதைகிற சேறு மட்டும். இறங்கிப் பார்த்தேன். இருந்தது! கரை நிழலில், வயல் மூலையில் நிற்கிற சர்வே கல்லுக்குக் கீழே, ஒரு பாய் விரித்த அகலத்துக்கு அதே செடி. தண்ணீருக்கு வெளியே இலை குட்டையாகி விறைத்துக்கொண்டு நின்றது, ஆனால் ஓரத்தில் அதே நெளிவு, முதுகில் அதே ஊதா. தாய்லாந்துக்காரரை நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பூ மட்டும் இல்லை. மண்ணோடு ஒட்டி ஊசிமுனை போல ஏதோ கிளம்பியிருந்தது, அது மொட்டா, புது இலையா என்று தெரியவில்லை. அசையாத பொருள் என்றால் சர்வே கல்லைவிட வேறு என்ன வேண்டும்? டேப்பின் நுனியைக் கல்லில் மாட்டி, கரையோடு இழுத்து அளந்தேன். செடி ஆரம்பிக்கிற இடத்திலும் முடிகிற இடத்திலும் குச்சி ஊன்றி, கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிவப்பு டேப்பைச் சுற்றினேன். ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன்.

பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்றார். என்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர். "என்னம்மா, அளக்குறீங்க போலருக்கு?" என்றார். மீன் தொட்டியில் முளைத்த செடிக்குப் பெயர் தேடிச் சேற்றில் நிற்கிறேன் என்று சொன்னால் ஊரே சிரிக்கும் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. "ஒண்ணுமில்லண்ணே, சும்மா" என்றேன். அவர் டேப்பைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். இதற்குள் வெயில் ஏறி எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கொதிப்பு மாத்திரையைத் தஞ்சாவூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அண்ணன் வீட்டுக்குப் போகாமலே பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவள் செய்யக் கூடாத காரியத்தை நான் செய்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் பிறந்த பெண் ஊருக்கு வருகிறாள். வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே வயலுக்குப் போகிறாள். சர்வே கல்லிலிருந்து டேப் பிடிக்கிறாள். குச்சி ஊன்றுகிறாள். கேட்டால் சும்மா என்கிறாள். இதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. அன்று மத்தியானமே சேதி கண் காது மூக்கு வைத்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்யவில்லை. உளுந்து வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் செய்யவில்லை. பூ வந்திருக்கும் என்ற அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பங்குனி பிறந்ததும் மறுபடி வாய்க்காலுக்குப் போனேன்.

வாய்க்கால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பொக்லைன் இறங்கியிருந்தது. அடி மண்ணை முழுக்க வழித்துக் கரையில் அணைத்து, வரப்பை நூல் பிடித்த மாதிரி நேராக்கியிருந்தார்கள். வழித்த மண் வெயிலில் வெள்ளையாகக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. என் குச்சிகள் இல்லை. சர்வே கல்லைச் சுற்றிச் செதுக்கி, அதற்குச் சுண்ணாம்பு வேறு அடித்திருந்தார்கள். மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒரு வேர் கூட உயிரோடு கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

கொல்லைப் பக்கம் அண்ணி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முற்றத்தில் நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த வீட்டில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. உள்ளேயிருந்து அண்ணன் வந்து, "வாங்க" என்றார். என் கோபம் அந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது. மீதிப் பாதியோடு, வாய்க்காலை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கரையெல்லாம் நேர் பண்ணிட்டேன். இனிமே அளக்கறதுக்குச் சிரமம் இருக்காது. வாய்க்கா ஓரமா இருக்கற கீழ்ப் பங்கு நல்ல மண்ணு. அதையே எடுத்துக்குங்க. ஆனா ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம்."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் நான் அளந்தது செடியை, நிலத்தை அல்ல என்று படபடவென்று சொன்னேன். போனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். அவசரத்தில் முதலில் வந்தது, சர்வே கல்லில் டேப் மாட்டியிருக்கிற படம். அண்ணி அதை வாங்கிப் பார்த்தார். "செடிய எதுக்குச் சர்வே கல்லுலேந்து அளக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னேன். கேரளம், கல்லூரி, தாய்லாந்து, பூ என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் போலக் கேட்டது.

அண்ணி போனைத் திருப்பிக் கொடுத்தார். "பங்கு வேணாம்னா ரொம்ப நல்லது. அப்ப ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. எல்லாருக்கும் நிம்மதியாப் போயிடும்" என்றார். குரலில் சூடு ஒன்றும் இல்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணியைப் பார்த்து, நீ சும்மா இரு என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னார்கள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் நான் திரும்பியது அதுதான் முதல் தடவை.

அண்ணியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வராத வருஷமும் வெள்ளம் வந்த வருஷமும் அந்த வயலோடு மல்லுக்கட்டியவர் அவர். நான் தஞ்சாவூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டவள். என்றைக்கு இவள் வந்து நிற்பாளோ என்று ஒரு பயம் அவருக்கு உள்ளே இருந்திருக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, ஒன்று பங்கைக் கேள், இல்லாவிட்டால் கையெழுத்துப் போடு, நடுவில் நான் வர மாட்டேன் என்று கழன்றுகொண்டார். இரண்டையும் என்னால் செய்ய முடியவில்லை. நிலம் எனக்கு வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாள் அந்த வீட்டில் எனக்கு நாற்காலிதான் போடுவார்கள் என்று தோன்றிவிட்டது. அதைத் தாங்க என்னால் ஆகாது.

கேரளத்துப் பெண்ணுக்குப் போன் செய்து, வாய்க்காலில் இருந்தது போய்விட்டது என்றேன். அப்படியானால் நமக்குத் தெரிந்து இருப்பது உங்கள் தொட்டியில்தான் என்றார். தொட்டிச் செடி அதற்குள் பக்கத்தில் குட்டிகள் விட்டிருந்தது. அவற்றில் பாதியைத் தோண்டி எடுத்து, அகலமான ஒரு பிளாஸ்டிக் பேசினில் அதே களிமண்ணில் நட்டு, மொட்டை மாடியில் கீற்றுத் தட்டி நிழலில் வைத்தேன். அவர் சொன்னபடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இலைகள் கரைந்து கூழாகின. கண் முன்னால் செடி சாகிறது, தண்ணீர் கையில் இருக்கிறது, ஊற்றக் கூடாது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு காலையும் மாடிக்குப் போய், சேறு காயாத அளவுக்கு மட்டும் தெளித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். அண்ணன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

சித்திரை போய் வைகாசியும் போயிற்று. அந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு நான் போகவில்லை. பேசினில் குட்டை இலைகள் விறைப்பாகக் கிளம்பின. ஆனியில் ஒரு காலை மாடிக்குப் போனால் பூத்திருந்தது. பூ என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழல், அதன் மேல் வால் போல லேசாக முறுக்கிய ஒரு மடல். மடலின் உட்பக்கம் கத்தரிக்காய் நிறம், குறுக்கே வரி வரியாகச் சின்னப் படிக்கட்டுகள். கிட்டத்தில் மோந்தால் அழுகல் வாடை. ஆனால் எனக்கு அதைவிட அழகான ஒன்றை அந்த வருஷத்தில் பார்த்த நினைவில்லை. படம் எடுத்துக் கேரளத்துக்கு அனுப்பினேன். விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அண்ணனுக்கும் அனுப்பினேன்.

கேரளத்திலிருந்து அரை மணியில் போன் வந்தது. அந்தக் குறுக்கு வரி போதும், இது நம் நாட்டு ஸ்பைராலிஸ்தான், அந்த நாட்டு அதிவிடயக் கிழங்குச் செடி, தாய்லாந்து இல்லை என்றார். நெளிந்த இலை தனி ரகமா, இல்லை உங்கள் மண்ணின் குணமா என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு குட்டியை அனுப்புங்கள், என் தோட்டத்தில் வேறு மண்ணில் வளர்க்கிறேன், அங்கும் நெளிந்தால் மேற்கொண்டு பேசலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை அவரே வந்து நின்றார். கையில் ஒரு பை உளுந்து. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, அது எங்கே என்றார். மாடிக்கு அழைத்துப் போனேன். பேசினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நாற்றங்காலைப் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தானா பாப்பா?" என்றார்.

"இதுக்குத்தான்."

"இத்தன வருஷம் அந்த வாய்க்கால்ல நின்னுருக்கேன். இதப் பாத்ததே இல்ல."

அவர் பாப்பா என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. பங்குனியிலிருந்து நெஞ்சில் கிடந்ததை எடுத்து வைத்தேன். "கையெழுத்து வேணும்னா போடறேண்ணே. போட்டதுக்கப்புறம் அந்த வாய்க்காலுக்கு நான் யாரைக் கேட்டுக்கிட்டு வரணும்? அதை மட்டும் சொல்லுங்க."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "வாய்க்கா புறம்போக்குல்ல இருக்கு பாப்பா. கவர்மெண்டு எடம். அதுக்கு யாரக் கேக்கணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு ரகளைக்கும் காரணமான செடி எங்கள் இரண்டு பேர் நிலத்திலும் முளைக்கவில்லை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். காபி குடித்தார், மீனுக்குத் தீனி போட்டார், போனார். கேட்ட கேள்விக்குப் பிடி கொடுக்காமல் தப்பித்துப் போய்விட்டார் என்பது அவர் பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏமாந்துவிட்டேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தது. கையெழுத்தைப் பற்றி அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆடியில் ஒரு நாள், தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்காலில் முழங்கால் அளவு வருவதற்குள் செடியைக் கொண்டு வா என்றார்.

அதே வாளியில் செடிகளை வைத்து, ஈரத் துணி போர்த்திக் கொண்டு போனேன். இந்தத் தடவை ஊர் நிறுத்தத்திலேயே இறங்கி நேரே வீட்டுக்குப் போனேன். நாற்காலி போடுவார்களோ என்று மனது அடித்துக்கொண்டது. அண்ணி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லிவிட்டு, கை அழுக்காக இருக்கிறது, தண்ணீரை நீங்களே எடுத்துக் குடியுங்கள் என்றார். எடுத்துக் குடித்தேன். வாளியை எட்டிப் பார்த்து, இதற்கா இவ்வளவு பாடு என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, ஒத்திப் போட்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கணுக்காலுக்கு மேல் ஓடியது. சுண்ணாம்பு அடித்த கல்லுக்குக் கீழே, பழைய இடத்திலேயே, நானும் அண்ணனும் இறங்கி நட்டோம். அவர் நாற்று நடுகிற மாதிரி மூன்று விரலால் அழுத்தி அழுத்தி நட்டார். நட்டு முடித்த ஓரத்தில் மூங்கில் குச்சிகளைத் தானே ஊன்றினார். சிவப்பு டேப் கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் சுற்றினார்.

அந்த நேரத்தில்தானா பக்கத்து வயல்காரர் வர வேண்டும்? வரப்பில் வந்து நின்று கல்லையும் குச்சியையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, அண்ணனும் தங்கச்சியுமா பாகம் பிரிக்கிறீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்தார்.

"பாகமெல்லாம் இல்ல. பாப்பா செடி வச்சிருக்கு. அது இஷ்டத்துக்கு வரும், பாக்கும், போகும். களைன்னு நெனச்சு யாரும் புடுங்கிடாதீங்க."

பக்கத்து வயல்காரர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாடியில் கேட்டதற்கு இப்போது பதில் வந்துவிட்டது. குனிந்து, வாளியில் மிச்சமிருந்த செடியை எடுத்து, அண்ணன் நட்டதற்குப் பக்கத்தில் நட்டேன்.